ஓட முன்னம் போடுகிற குளிசை

கேள்வி

டொக்டருக்கு வணக்கம். எனக்கு 38 வயது. நெடுங்கேணிப் பக்கம் இருக்கிறேன். பிரதேச செயலகத்தில் உத்தியோகம், பின்னேரங்களில் கொஞ்சம் வயலும் பார்க்கிறேன். கனடாவில் இருக்கிற மச்சான் போன வருஷம், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வருகிற அரை அயன்மேன் போட்டியை முடித்துப் படம் அனுப்பியதிலிருந்து எனக்கும் அந்த ஆசை பிடித்துவிட்டது. ஒரு வருஷத்துக்குள் நானும் செய்ய வேண்டும். பள்ளிக்கூடக் காலத்தில் 1500 மீற்றரில் வலய மட்டம் வரை ஓடினவன். இப்போது கிழமையில் ஐந்து நாள் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை சைக்கிள். முத்தையன்கட்டுக் குளத்தில் நீந்திப் பழகுகிறேன். காபன் சைக்கிள் இல்லாமல் இறங்கவே கூடாது என்கிறார் மச்சான், உண்மையா? நீச்சலில் 200 மீற்றருக்கு மேல் மூச்சு வாங்குகிறது, அதற்கு என்ன வழி? வெயிலில் ஒரு மணித்தியாலம் தாண்டினால் தலையிடிக்கும், வலது முழங்காலும் நோகும். அதற்கு ஓட முன்னம் ஒரு டைக்ளோபெனாக் போட்டுக்கொண்டு போகிறேன், பிரச்சினை இல்லை. அம்மாதான் விடுகிறா இல்லை. அப்பா கிட்னி வருத்தத்தில் நாலு வருஷம் டயலிசிஸ் செய்து மோசம் போனவர். அதிலிருந்து அம்மாவுக்கு எல்லாத்துக்கும் பயம். மனிசியும் அம்மா பக்கம். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பினம்.

பதில்

தம்பி, நான் எழுதினால் அம்மா கேட்பா என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன். இப்போதைக்கு நானும் அம்மா பக்கம்தான். ஓட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானே இந்தப் பைத்தியம் பிடித்தவன். 2018 பெப்ரவரியில் கொழும்பில் முதன்முதலாக இந்தத் தூரத்துக்கு அயன்மேன் போட்டி வைத்தபோது, ஐம்பதை எட்டிப்பிடிக்கிற வயதில், கடைசிப் பத்துப் பேருக்குக் கொஞ்சம் முன்னால் முடித்த ஆள். உங்கள் ஆசை எனக்கு விளங்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகள் ஒன்றையொன்று பாராமல் நிற்கின்றன. ஒன்று, ஓட முன்னம் போடுகிற குளிசை. மற்றது, அப்பாவின் டயலிசிஸ். முதல் வரிக்குப் பக்கத்தில் ‘பிரச்சினை இல்லை’ என்று எழுதினீர்கள். இரண்டாவதை அம்மாவின் பயத்துக்குக் காரணமாக மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த இரண்டும் ஒரே வரி. சைக்கிள் கதை, நீச்சல் கதை எல்லாம் பிறகு.

வயல்காரனுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லுகிறேன். நீங்கள் வெயிலில் வியர்த்து ஓடும்போது உடம்பிலுள்ள நீர் குறைகிறது. இரத்தம் தசைக்கும் தோலுக்கும் ஓடுகிறது, சிறுநீரகத்துக்குப் போகிற பங்கு சுருங்குகிறது. கோடையில் குளத்து நீர் இறங்கினால் என்ன செய்வீர்கள்? கடைசி வயலுக்கும் தண்ணி போகத் துருசை இன்னும் கொஞ்சம் திறப்பீர்கள். சிறுநீரகமும் அதையேதான் செய்கிறது. புரொஸ்ரகிளான்டின் என்கிற பொருளைச் சுரந்து, தனக்குள் இரத்தம் வருகிற சின்னக் குழாயை விரித்துவிடுகிறது. டைக்ளோபெனாக், ஐபியூபுரூபன் போன்ற குளிசைகள் நோவைக் குறைப்பது இந்தப் பொருளின் உற்பத்தியை மறித்துத்தான். முழங்காலில் மறிக்கிறபோதே சிறுநீரகத்திலும் மறிக்கிறது. நீர் ஆகக் குறைந்த நேரம் பார்த்துத் துருசை இறக்கின மாதிரி.

இது புத்தகத்துக் கணக்கு மட்டுமல்ல. 80 கிலோமீற்றர் ஓடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு ஐபியூபுரூபனும் மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 34 வீதமானவர்களுக்குச் சிறுநீரகம் தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. ஐபியூபுரூபன் எடுத்தவர்களில் அது 52 வீதம். பெரும்பாலும் சில நாட்களில் திரும்பிவிடும். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது திரும்பும். திரும்புவதற்குக் கையிருப்பு உள்ளதா என்பதுதான் உங்கள் விஷயத்தில் கேள்வி.

ஏனென்றால் நீங்கள் இருக்கிற இடம் அப்படி. 1990களின் நடுப்பகுதியில் மதவாச்சி, பதவியாப் பக்கங்களில் வைத்தியர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை, ஆனால் நாற்பது ஐம்பது வயது விவசாயிகளின் சிறுநீரகம் சுருங்கிப்போய் வந்தது. காரணம் தெரியாததால் ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்றே பெயர் வைத்தார்கள். பதவியாவுக்கும் உங்களுக்கும் நடுவில் கிடப்பது காடு மட்டும்தான். வவுனியா மாவட்டத்திலும் இந்த நோயாளர்கள் இருக்கிறார்கள். கிணத்துத் தண்ணியின் கடினமும் புளோரைட்டும், வயலுக்கு அடிக்கிற மருந்து, பார உலோகம், வெயிலில் தண்ணியில்லாமல் மாடாக உழைப்பது என்று பல சந்தேகங்கள் உண்டு. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிற தொழிலாளருக்கும் இதே மாதிரி நோய் வருகிறது. அங்கே வெக்கையும் உடம்பு வரளுவதும்தான் முதல் சந்தேகம். அப்பாவுக்கு வந்தது இந்த நோய்தானா என்று உங்கள் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. அவர் குடித்த கிணற்றில் நீங்களும் வளர்ந்தீர்கள், அவர் நின்ற வரம்பில் நீங்களும் நிற்கிறீர்கள் என்பது மட்டும் நிச்சயம். அதோடு, இந்த நோய் ஆரம்பத்தில் ஒன்றும் காட்டாது. நோகாது, வீங்காது. சிறுநீரகம் பாதிக்கு மேல் போனபிறகும் ஆள் 1500 மீற்றர் ஓடுவார்.

ஆகவே முதல் வேலை, குளிசையை நிறுத்துவது. ‘போட்டி அன்றைக்கு மட்டும் ஒன்று’ என்ற பேரமும் வேண்டாம். அன்றைக்குத்தான் அது ஆகக் கூடாத குளிசை. பனடோல் சிறுநீரகத்துக்கு அவ்வளவு மோசமில்லை என்றாலும் அதைப் போட்டுக்கொண்டும் ஓட வேண்டாம். நோவை மூடிவிட்டு ஓடினால் முழங்கால் சொல்ல வருகிறது உங்களுக்குக் கேட்காது. இரண்டாவது வேலை, ஒரு இரத்தப் பரிசோதனையும் ஒரு சலப் பரிசோதனையும். அதை முடிவில் விபரமாகச் சொல்லுகிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் ஆகிவிடும். கொழும்புப் போட்டிக்கு முந்திய வருஷம், ஒரு சித்திரை மாதத்தில், வவுனியாவிலிருந்து செட்டிகுளம் வழியாகச் சைக்கிளில் மன்னார் போய்த் திரும்பினேன். நாரி நோவுக்கு விடிய ஒரு டைக்ளோபெனாக், மன்னாரில் இன்னொன்று. இரண்டு போத்தல் தண்ணி காணும் என்று நினைத்தேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து சலம் போனால் வெறுந்தேத்தண்ணி நிறம். வைத்தியன், நோயாளிக்கு என்றால் உடனே வாட்டில் போட்டிருப்பேன். எனக்கு என்றதும் இரவு முழுக்க இளநீர் குடித்துக்கொண்டு யோசித்தேன். விடிய மனிசி பிடித்து இழுத்துக்கொண்டு போனா. மூன்று நாள் சேலைன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் காட்டுகிற கிரியட்டினின் பழைய இலக்கத்துக்கு வர ஆறு கிழமை. அந்த நிறத்தில் சலம் போனால் விடியும் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தசை உடைந்து அதன் நிறப்பொருள் சிறுநீரகத்தை அடைக்கிறது என்பதற்கு அது அடையாளம். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

அடுத்தது உங்கள் தலையிடி. அது தண்ணிக் கணக்கு. எவ்வளவு குடிப்பது என்பதை மச்சானிடம் கேட்காதீர்கள், அவர் பயிற்சி செய்வது வேறு நாட்டு வெயிலில். வீட்டில் ஒரு தராசு இருந்தால் போதும். ஓட முன்னம் உடுப்பில்லாமல் நிறுங்கள், வந்து வியர்வையைத் துடைத்துவிட்டு நிறுங்கள். 68 கிலோவாகப் போனவர் இரண்டு மணித்தியாலத்தில் 66.2 ஆக வந்தால், இடையில் ஒரு லீற்றர் குடித்திருந்தால், போன வியர்வை 2.8 லீற்றர், மணித்தியாலத்துக்கு 1.4. அவ்வளவையும் ஓடிக்கொண்டு குடிக்க வயிறு விடாது. பெரும்பாலான வயிறு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றரைத் தாண்டினால் குலுங்கத் தொடங்கும். முடிவில் உடம்பு நிறையில் இரண்டு மூன்று வீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்தால் சரி. மறுபக்கம், ஓடிவிட்டு வந்தால் நிறை கூடியிருக்கிறதா? அது இன்னும் ஆபத்து. வெறும் தண்ணியை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்து, மூளை வீங்கி, வலிப்பு வரைக்கும் போகும். உப்பு சேர்க்க வெளிநாட்டுப் பொடி தேவையில்லை. பாமசியில் விற்கிற ஜீவனிப் பைக்கற் ஒன்றை ஒரு லீற்றரில் கரையுங்கள். வயிற்றோட்டத்துக்கு என்று செய்ததுதான், உப்பும் சீனியும் குடலுக்குள் ஒன்றாகப் போனால் தண்ணியையும் சேர்த்து இழுக்கும் என்ற அதே தத்துவம்தான் உங்களுக்கும் வேலை செய்யும். ஆனால் அதிலுள்ள சீனி ஓடுவதற்குக் காணாது.

காணாத சீனிக்கு மச்சான் அனுப்பின ஜெல் பைக்கற்றுகளைப் போட்டிக்கு வைத்திருங்கள். பயிற்சிக்குப் பனங்கட்டி. இதை ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை. நீண்ட நேரம் உழைக்கும்போது மணித்தியாலத்துக்கு 60 கிராம் வரை மாச்சத்து தேவை. குளுக்கோசை மட்டும் குடித்தால் குடல் அதற்கு மேல் எடுக்காது, குளுக்கோசும் புரக்டோசும் கலந்தால் 90 வரை எடுக்கும். பனங்கட்டியில் பெரும்பகுதி சுக்குரோசு, அதாவது இரண்டும் பாதிக்குப் பாதி. சின்னத் துண்டுகளாக உடைத்து, ஒட்டாமல் எண்ணெய்த் தாளில் சுற்றி, பின் பொக்கற்றில். கூட இரண்டு கப்பல் வாழைப்பழம். எதை வைத்தாலும் பயிற்சியிலேயே பழகுங்கள், குடலுக்கும் பயிற்சி வேண்டும். போட்டிக்கு முந்திய நாள் குரக்கன் புட்டு, கீரை, பயறு ஒன்றும் வேண்டாம். வெள்ளைப் பச்சரிசிச் சோறு, உப்புக் கொஞ்சம் தூக்கலாக.

உடம்பு வெக்கைக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் எடுக்கும். வன்னிக்காரன் பிறவியிலேயே பழகினவன் என்று நினைக்காதீர்கள். பகல் முழுக்க விசிறிக்குக் கீழே கந்தோரில் இருக்கிறவருக்கு அந்தப் பழக்கம் எப்போதோ போய்விட்டது. மனிசிக்கு ஒன்று சொல்லி வையுங்கள். வெயிலில் ஓடிவந்து கதை மாறினால், ஆளை அடையாளம் தெரியாமல் முழித்தால், தள்ளாடினால், ஓட்டோ தேடி ஓட முன்னம் ஆளை நிழலில் போட்டுக் கிணத்துத் தண்ணியை வாளி வாளியாக ஊத்த வேண்டும். முதலில் குளிரப் பண்ணுவது, பிறகுதான் ஏற்றுவது.

முழங்காலுக்கு வருவோம். முழங்கால் சில்லுக்கு முன்பக்கமாக, படி இறங்கும்போது நோகிறதென்றால் அநேகமாகக் குற்றவாளி சைக்கிள் சீற். நம் ஊரில் எல்லோரும் சீற்றைப் பதித்து, முழங்காலை நெஞ்சுக்கு நேரே மடக்கித்தான் உழக்குவோம். சீற்றில் இருந்து குதிக்காலைப் பெடலில் வையுங்கள். பெடல் ஆகக் கீழே நிற்கும்போது கால் நேராக வர வேண்டும், அதுதான் உயரம். பிறகு முன்பாதத்தால் உழக்கும்போது தேவையான மடிப்புத் தானே வரும். பார நிலையில் இறுக்கி உழக்காமல், இலேசான கியரில் நிமிஷத்துக்கு 85, 90 தரம் சுற்றப் பழகுங்கள். காபன் சைக்கிளா? முதல் போட்டிக்குத் தேவையே இல்லை. கியர் உள்ள, அளவு சரியான எந்த ரோட் சைக்கிளும் 90 கிலோமீற்றரைத் தாண்டும். காசு இருந்தால் நல்ல ரயர் இரண்டு, ஹெல்மட், பின்னுக்கு ஒரு சிவப்பு லைற் வாங்குங்கள். கண்டி வீதியில் சொகுசு பஸ் விலத்திப்போகிற வேகத்தில் எந்தக் காபனும் நிற்காது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் ஓடுவது மேல். அங்கேயும் விடியப்புறத்தில் யானை, இரவில் நடுறோட்டில் படுத்திருக்கிற கட்டாக்காலி மாடு. வெளிச்சம் வந்தபிறகே இறங்குங்கள். குறுக்கு வழியென்று தெரியாத காட்டுப் பாதையில் ஓட வேண்டாம், ஏன் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நீச்சலில் 200 மீற்றரில் மூச்சு முட்டுவது நெஞ்சில் பலமில்லாததால் அல்ல. தண்ணிக்குள் மூச்சை அடக்கிவைத்துவிட்டு, தலையைத் தூக்குகிற அரை விநாடியில் விடவும் எடுக்கவும் பார்க்கிறீர்கள். முகம் தண்ணிக்குள் இருக்கும்போதே மூக்கால் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், தலையைத் திருப்பினால் எடுப்பது மட்டும்தான் வேலை. இடுப்பளவு நீரில் நின்று ஒரு கிழமை இதை மட்டும் செய்யுங்கள். பிறகு 25 மீற்றர், ஓய்வு, 25 மீற்றர் என்று. போட்டியில் 1.9 கிலோமீற்றருக்கு வழக்கமாக 70 நிமிஷம் தருவார்கள், அவசரமே இல்லை. மச்சானின் படத்தில் கறுப்பு இறப்பர் உடுப்பு இருக்கும், அது ஆளை மிதக்க வைக்கும். அயன்மேன் விதிப்படி கடல் 28.8 பாகைக்கு மேல் சூடானால் அதை அணியவே விடமாட்டார்கள். இலங்கை, கோவாப் பக்கத்துக் கடலில் அதை நம்பிப் பழக வேண்டாம்.

முத்தையன்கட்டில் தனியாக இறங்குகிறீர்களா? கடிதத்தில் அது இல்லை, அதனால் கேட்கிறேன். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை இந்தப் போட்டிகளில் நிகழ்ந்த மரணங்களையும் இதயம் நின்ற சம்பவங்களையும் சேர்த்து 135ஐ ஆராய்ந்தார்கள். 90 நீச்சலில். பாக்குநீரிணையை 1971இல் போய்வர நீந்திய வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனே 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில்தான் இறந்தார். உங்களுக்கும் எனக்கும் வள்ளத்தில் ஒரு ஆள், அல்லது லொறி ரியூப்போடு ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். எந்தப் பக்கம் முதலை படுக்கும் என்று குளத்து மீன்பிடிகாரரைக் கேளுங்கள். துருசுப் பக்கம் போகாதீர்கள், வான் பாய்கிற காலத்தில் குளத்தையே விடுங்கள். மழை வெள்ளம் வந்த கையோடு இறங்கினால் எலிக்காய்ச்சல், அதுவும் சிறுநீரகத்தைத்தான் பிடிக்கும். கடைசி இரண்டு மாதத்திலாவது கடலில் நாலைந்து தரம் நீந்த வேண்டும். முல்லைத்தீவுக் கடல் வாடைக்காற்றில் ஆளுக்குரியதல்ல. காற்று அடங்கிய மாதங்களில், கரைவலைக்காரர் சரி என்று சொல்லுகிற நாளில், கரைக்குச் சமாந்தரமாக.

பயிற்சி அட்டவணையை மச்சான் அனுப்பியிருப்பார், அதைப் பார்க்காமலே ஒன்று சொல்லுவேன். நீங்கள் எல்லா நாளும் வேகமாக ஓடுகிறீர்கள். 1500 மீற்றர் ஓடினவர்கள் எல்லோரும் அப்படித்தான். பத்தில் எட்டுப் பங்கு, ஓடிக்கொண்டே ஒரு தேவாரத்தை மூச்சு அறாமல் பாடக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். பாட்டு அறுந்தால் நடந்து போங்கள். வெட்கமாக இருக்கும், சந்தியில் நிற்கிறவன் பகிடி பண்ணுவான். முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா எழுபது தாண்டி 2023இல் பிலிப்பைன்சில் மூத்தோர் தடகளத்தில் பதக்கம் எடுத்தபிறகும் முல்லைத்தீவு வீதியில் மெதுவாக ஓட வெட்கப்பட ஏதும் இருக்கிறதா? ஐந்து ஓட்டத்தை மூன்றாக்குங்கள். நீச்சல் மூன்று, சைக்கிள் இரண்டு. ஞாயிறு நீளச் சைக்கிள் இரண்டு மணித்தியாலத்திலிருந்து நாலுக்கு வளரட்டும், அதிலிருந்து இறங்கிய கையோடு பதினைந்து நிமிஷம் ஓடுங்கள். கால் வேறொருவரின் கால் மாதிரி இருக்கும், அதுக்குத்தான் அந்தப் பயிற்சி. ஒவ்வொரு நாலாவது கிழமையும் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். நாற்று நடுகை, அரிவு வெட்டு நேரத்தில் வயல்தான் பயிற்சி, மேலதிகமாக ஒன்றும் வேண்டாம்.

ஒரு வருஷம் காணுமா என்றால், சிறுநீரகம் சரியென்றால் காணும்.

பரிசோதனைக்கு இப்படிப் போங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிளோடு நிறுத்துங்கள், திங்கள், செவ்வாய் ஒன்றும் வேண்டாம். கடும் பயிற்சி செய்த உடம்பில் கிரியட்டினின் கூடிக்காட்டும், சலத்திலும் புரதம் வரும், பிறகு வீணாகப் பயந்துவிடுவீர்கள். செவ்வாய் இரவு இறைச்சியும் வேண்டாம். மச்சான் அனுப்பின பொடிகளில் கிரியட்டின் என்று எழுதியிருந்தால் அதை இரண்டு கிழமைக்கு முன்னமே விட்டிருக்க வேண்டும், அதுவும் இலக்கத்தைக் குழப்பும். புதன் காலை இரத்தத்தில் சீரம் கிரியட்டினின், விடியச் சலத்தில் அல்புமின்–கிரியட்டினின் விகிதம் (புரதம் ஒழுகுகிறதா என்று பார்ப்பது), பிரஷர், ஒரு ஈசீஜி. எல்லாம் அரச ஆஸ்பத்திரியிலேயே கேட்கலாம். அப்பாவின் பழைய கிளினிக் கொப்பி வீட்டில் இருந்தால் கொண்டுபோங்கள், இருக்கும், அம்மா எறிந்திருக்க மாட்டா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். இலக்கங்கள் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். புதனிலிருந்து அதுவரைக்கும் நீச்சல் மட்டும், இடுப்பளவு தண்ணியில்.